பெம்பர்லிக்கு ஒரு பயணம்

ஒரு நாட்டைக் காண்பதற்கு இரு வழிகள் உள. கப்பலிலோ விமானத்திலோ சென்று காண்பது ஒன்று. அந்நாட்டார் எழுதிய நல்ல நாவல் ஒன்றைக் கையிலெடுத்து, அதன் மாந்தரோடு கூடவே நடந்து காண்பது மற்றொன்று. முதல் வழிக்குப் பொருள் வேண்டும். இரண்டாவது வழிக்குப் பொறுமை வேண்டும். நம் போன்ற இரயில்வேக் குடும்பத்தாருக்குக் கிடைக்கும் பாஸ் கடற்கரையோடு நின்றுவிடுகிறது. ஆதலின் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்தை இரண்டாவது வழியிலேயே கண்டோம். வழித்துணையாக அமைந்தது ஜேன் ஆஸ்டின் அம்மையார் இயற்றி, 1813ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வெளிவந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்னும் நாவல். தமிழில் அதனைச் 'செருக்கும் தப்பெண்ணமும்' எனலாம்.

சீமான்களும் சீமாட்டிகளும், அவர்தம் மாளிகைகளும், நடன விருந்துகளும், ஆண்டு வருமானக் கணக்குகளுமே அந்நூலின் வெளித்தோற்றம். அத்தகைய குடும்பங்களே நம் நாட்டை ஆண்டன. அவர்களுடைய கதையில் நமக்கென்ன காதல் என்று நம் சங்க அன்பர்கள் கேட்கக் கூடும். கேட்க வேண்டிய கேள்விதான் அது. அதற்குரிய விடையைத் தேடியே இப்பயணத்தை மேற்கொள்கிறோம்.

வீடு யாருக்கு?

இலண்டனுக்கு வடக்கே உள்ள ஹெர்ட்ஃபோர்டுஷயரில், லாங்போர்ன் என்னும் கற்பனைச் சிற்றூரில் பென்னட் குடும்பம் வாழ்கிறது. நிலத்தினின்று ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம். பெண் மக்கள் ஐவர். ஆண் மகவு இல்லை. அந்நிலம் ஆண் வாரிசுக்கே சேர வேண்டும் என்று முன்னோர் எழுதி வைத்துவிட்டனர். ஆகவே தந்தை கண் மூடிய மறுகணமே வீடும் நிலமும் காலின்ஸ் என்னும் தூரத்து உறவினனுக்குப் போய்விடும். தாயும் ஐந்து பெண்களும் வெளியேற வேண்டியதுதான்.

இக்கதையை அரண்மனைக் கதை என்று தள்ளிவிட முடியாமல் நம்மைப் பிடித்து நிறுத்துவது இதுவே. சொந்த வீடு என்று எண்ணி வாழும் வீடு பிறர் வீடாகிவிடும் நாள் ஒன்று உண்டு என்பதை, குவார்ட்டர்ஸில் வாழும் குடும்பங்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வாயிலில் வாழைக்கன்று வைத்து, சுவரில் சாமி படம் மாட்டி, பிள்ளைகளின் உயரத்தைக் கதவு நிலையில் கோடிட்டுக் குறித்து வைத்தாலும், ஓய்வு பெற்றபின் சாவியை ஒப்படைத்துவிட்டே வரவேண்டும். பென்னட் அம்மையார் எந்நேரமும் பெண்களின் திருமணத்தைப் பற்றியே பிதற்றுகிறார். அவரைக் கண்டு முதலில் சிரிக்கிறோம். இரண்டாம் முறை படிக்கும்போது அச்சிரிப்பில் பாதி அடங்கிவிடுகிறது. அப்பெண்களுக்கு வேறு என்ன வழி இருந்தது? தாய்க்குப்பின் ஒவ்வொருத்திக்கும் கிடைக்கக்கூடியது 1,000 பவுண்டு முதல். அதன் வட்டியில் ஒரு பெண் தனித்து மதிப்போடு வாழ இயலாது.

நம் நாட்டிலும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு ஒத்த பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேதான் சட்டமாக்கியது. இந்தியா முழுவதிலும் அது 2005ஆம் ஆண்டில் வந்தது. லாங்போர்ன் வீட்டுக் கவலை நம் பாட்டிமார் அறியாத கவலை அன்று.

இரண்டாம் மகள் எலிசபெத் கதைத் தலைவி. வீட்டுக்கு உரியவனாகப் போகும் காலின்ஸே அவளை மணக்கக் கேட்கிறான். இசைந்தால் வீடு தங்கும், தாயும் தங்கையரும் தங்குவர். அவளோ மறுத்துவிடுகிறாள். அவள் தோழி சார்லட், வயது 27, வேறு போக்கின்றி அவனையே மணக்கிறாள். ஆசிரியர் எலிசபெத்தைப் போற்றுகிறார். ஆயினும் சார்லட்டைத் தூற்றவில்லை. ஒருத்தியின் துணிவையும் மற்றொருத்தியின் தேவையையும் அருகருகே வைத்துவிட்டு, தீர்ப்பை நம்மிடமே விட்டுவிடுகிறார்.

தொலைவு என்பது என்ன?

சார்லட் மணமாகிக் கென்ட் மாவட்டத்துக்குச் சென்றபின், அவள் பிறந்தகத்துக்கு அருகில் வாழ்கிறாளா, தொலைவில் வாழ்கிறாளா என்று ஒரு பேச்சு எழுகிறது. ஐம்பது மைல்தான், நல்ல சாலை, அரைநாளுக்குச் சற்று மேற்பட்ட பயணம் என்கிறார் டார்சி. எலிசபெத் ஒப்பவில்லை. வழிச்செலவைப் பொருட்படுத்தாத செல்வம் உடையாருக்கே அது அருகு என்றும், சார்லட்டின் குடும்பத்திற்கு அத்தகைய வசதி இல்லை என்றும் அவள் கருதுகிறாள்.

நாவலில் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும் சிறு உரையாடல் இது. ஆயினும் பிறந்த ஊரை விட்டு வந்தோர் இதனைப் படித்தால் புத்தகத்தை மூடிவைத்துச் சற்றே எண்ணாதிருக்க மாட்டார். ஹௌராவிலிருந்து சென்னைக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல். விமானத்தில் செல்வாருக்கு அது காலைச் சிற்றுண்டிக்கும் நண்பகல் உணவுக்கும் இடைப்பட்ட நேரம். காத்திருப்போர் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டு, ஊரில் தாய் நோயுற்ற செய்தியோடு நிற்பாருக்கோ அது வேறு தொலைவு. தொலைவை மைலில் அளப்பவர் ஒரு வகையார், கையிருப்பில் அளப்பவர் மற்றொரு வகையார் என்பதை, இரயில் தோன்றுவதற்கு முன்பே ஓர் ஆங்கிலப் பெண்மணி எழுதி வைத்திருக்கிறார். ஸ்டாக்டன் – டார்லிங்டன் இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1825ஆம் ஆண்டில். ஆஸ்டின் அம்மையார் மறைந்ததோ 1817ஆம் ஆண்டில்.

டெர்பிஷயர் வழியில்

இனி வடக்கு நோக்கிப் புறப்படுவோம். எலிசபெத் தன் மாமன் கார்டினரோடும் மாமியோடும் கோடைச் சுற்றுலா செல்கிறாள். ஏரிகள் நிறைந்த வடமேற்குப் பகுதியைக் காண்பதே முதல் திட்டம். மாமன் வணிகர். தொழில் அலுவலால் நாட்கள் குறைந்துவிடவே, டெர்பிஷயரோடு திரும்புவதென்று முடிவாகிறது. விடுப்பு சுருங்கிப் பயணத் திட்டம் மாறும் துன்பம் அக்காலத்திலும் இருந்ததைக் காண நமக்கு ஓர் ஆறுதல்!

இன்று செல்வோர் இலண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் வண்டி ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் டெர்பி நகரை அடையலாம். அங்கிருந்து டெர்வென்ட் ஆற்றின் கரையை ஒட்டிச் செல்லும் கிளைப்பாதையில் மாட்லாக் வரை செல்லலாம். இடையில் குரோம்ஃபோர்டு என்னும் சிறு நிலையம் வரும். அதன் அருகேதான் ரிச்சர்டு ஆர்க்ரைட் 1771ஆம் ஆண்டில் நீர்விசையால் இயங்கும் பஞ்சு நூற்பாலையை நிறுவினார். அப்பள்ளத்தாக்கின் ஆலைகளை யுனெஸ்கோ 2001ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கைராட்டையால் நூற்று வாழ்ந்த நம் நாட்டுப் பெண்டிரின் பிழைப்பை, பிற்காலத்தில் இங்கிலாந்தின் ஆலைநூல் வந்து பறித்தது. அந்த ஆலைத்தொழில் பிறந்து வளர்ந்த இடங்களுள் இது தலையாயது. எலிசபெத் இப்பக்கம் வந்த காலத்தில் ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நாவலில் அவற்றின் ஓசை கேட்பதில்லை. மாட்லாக், டவ்டேல், சாட்ஸ்வொர்த் என்னும் காட்சி இடங்களின் பெயர்களே வருகின்றன. நூல் சொல்லாமல் விட்டதையும் அறிந்துகொண்டு படிப்பது நமக்கு நலம். அதனால் நூலின்மேல் உள்ள அன்பு குறைவதில்லை, கண் தெளிகிறது.

மாட்லாக்குக்கு அப்பால் வழக்கமான இரயில் போக்குவரத்து இன்று இல்லை. முன்னர் ரவுஸ்லி, பேக்வெல் ஊர்களின் வழியாக வடக்கே சென்ற அப்பாதை 1968ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பேக்வெல்லுக்கு வடக்கே தண்டவாளம் கிடந்த இடம் நடைபாதையாகிவிட்டது. பேக்வெல்லுக்குத் தெற்கே ஆயிரம் கஜத்துக்கு மேல் நீளமுள்ள ஒரு சுரங்கம் உண்டு. அங்கே இருக்கும் ஹாடன் மாளிகையிலிருந்து பார்க்கும்போது இரயில் கண்ணில் பட்டுக் காட்சி கெடலாகாது என்பதற்காகவே, நில உரிமையாளரான ரட்லண்டுப் பிரபுவின் பொருட்டு அது அமைக்கப்பட்டது. நம் நாட்டில் மலை குறுக்கிட்டால் சுரங்கம் அமைப்பர். அங்கே பிரபுவின் சன்னல் குறுக்கிட்டது!

சாட்ஸ்வொர்த்

மாட்லாக்கிலிருந்து சாலை வழியே செல்வோருக்கு, டெர்வென்ட் ஆற்றின் கரையில் சாட்ஸ்வொர்த் மாளிகை காட்சி தரும். முன்னால் ஆறு, ஆற்றின்மீது ஜேம்ஸ் பெயின் 1760களில் கட்டிய கற்பாலம், பின்னால் மரம் செறிந்த குன்று, இடையில் தேன்நிறக் கல்லால் ஆன நெடிய மாளிகை. டெவன்ஷயர்ப் பிரபுக்களாகிய காவெண்டிஷ் குடும்பத்தாரின் இருப்பிடம் அது. முதல் மாளிகை 1552ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்று காணும் உருவத்தின் பெரும்பகுதி 1687 முதல் 1707 வரை முதலாம் பிரபு கட்டியது.

நாவலில் வரும் டார்சியின் பெம்பர்லி மாளிகை கற்பனையே. சாட்ஸ்வொர்த்தை ஆசிரியர் தனியே பெயர் சொல்லிக் குறிப்பதால், இரண்டும் ஒன்றெனக் கூறுவதற்கில்லை. ஆயினும் ஆறும் குன்றும் கல்மாளிகையும் ஒத்திருத்தலின், படிப்போர் மனம் இங்கேயே வந்து நிற்கிறது. 2005ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் சாட்ஸ்வொர்த்தே பெம்பர்லியாக நின்றது. 1995ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சித் தொடரில் அவ்விடத்தைச் செஷயரிலுள்ள லைம் மாளிகை பெற்றது.

சாட்ஸ்வொர்த்தின் பெருமைகள் பல. ஆறாம் பிரபுவின் தோட்ட அதிகாரியாயிருந்தவர் ஜோசப் பாக்ஸ்டன். ரஷ்யச் சக்கரவர்த்தி வருவார் என்று எதிர்பார்த்து, அவர் 1844ஆம் ஆண்டில் ஒரு மாபெரும் நீரூற்றை அமைத்தார். குன்றின்மேல் ஏரி வெட்டி, அந்நீரின் இறக்க விசையாலேயே ஊற்று மேலெழும்படி செய்தார். சக்கரவர்த்தி வரவில்லை. ஊற்று மட்டும் சக்கரவர்த்தியின் பெயரைத் தாங்கி நிலைத்துவிட்டது. மாளிகையிலிருந்து பார்க்கும்போது கண்ணை உறுத்துகிறதென்று எடென்சர் என்னும் சிற்றூரின் பழைய வீடுகளை அகற்றி, அவ்வூரைத் தள்ளிப் புதிதாகக் கட்டியதும் அவ்வாறாம் பிரபுவின் காலத்தில்தான். ஊற்றை வியக்கும் கண் அவ்வூரையும் காண வேண்டும்.

பாக்ஸ்டன் தம் கண்ணாடி வீட்டில் மொரீசியசிலிருந்து வந்த குட்டை வாழை ஒன்றை வளர்த்தார். அது 1835ஆம் ஆண்டில் பூத்தது. பிரபுவின் குடும்பப் பெயரால் அதற்குக் காவெண்டிஷ் என்று பெயரிட்டனர். தமிழ்நாட்டில் 'மோரிஸ்' என்று நாம் வாங்கி உண்பதும், இன்று தேனிப் பக்கத்தில் தோட்டந் தோட்டமாக விளையும் ஜி-9 வாழையும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. டெர்பிஷயர்ப் பிரபுவின் பெயர் இவ்வாறு நம் பழத்தட்டு வரைக்கும் வந்திருக்கிறது. அப்பிரபுவுக்காகத் தாவரங்கள் திரட்ட ஜான் கிப்சன் என்னும் தோட்டக்காரர் கல்கத்தாவுக்கு வந்தார். நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளோடு செல்லும் சிப்பூர்த் தாவரத் தோட்டத்தையே இருப்பிடமாகக் கொண்டு, காசி மலைக்குச் சென்று, ஏராளமான ஆர்க்கிட் செடிகளோடு 1837ஆம் ஆண்டில் ஊர் திரும்பினார். இதே குடும்பத்தில் தோன்றிப் பின்னர் எட்டாம் பிரபுவானவர் 1880 முதல் 1882 வரை இந்தியா மந்திரியாக இருந்து, இலண்டனிலிருந்தவாறே நம் நாட்டு அலுவல்களை நடத்தினார். செடி சென்றது, ஆணை வந்தது. அம்மாளிகைக்கும் நமக்கும் இருந்த உறவு இது.

காலம் அம்மாளிகையையும் விட்டுவைக்கவில்லை. 1939இல் போர் மூண்டபோது ஒரு பெண்கள் பள்ளி அங்குக் குடியேறி 1946 வரை இருந்தது. பத்தாம் பிரபு 1950ஆம் ஆண்டில் இறந்ததும், சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு எண்பது வீதம் மரண வரி விதிக்கப்பட்டது. ஹார்டுவிக் என்னும் மற்றொரு பெருமாளிகையையும், நிலங்களையும், கலைப்பொருள்களையும் கொடுத்தே அக்கடனைத் தீர்க்க நேர்ந்தது. இன்று மாளிகையைப் பார்க்க வருவோர் கொடுக்கும் நுழைவுக் கட்டணம் அதன் பராமரிப்புக்கு உதவுகிறது. வீடு யாருக்கு என்ற கேள்வி லாங்போர்னோடு முடியவில்லை.

பணியாள் சொன்ன சொல்

இனி நாவலின் பெம்பர்லிக்குள் நுழைவோம். இந்நூலின்மேல் நாம் கொண்ட காதலுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

அக்காலத்தில் பெரிய மாளிகைகளை வழிப்போக்கரும் கேட்டுப் பார்க்கலாம். மாளிகையின் வீட்டுப் பொறுப்பாளரான பணிப்பெண் சுற்றிக் காட்டுவார். எலிசபெத்தும் அவ்வாறே, அழைக்கப்பட்ட விருந்தாளியாக அன்றி, பார்வையாளராகவே அங்கு நுழைகிறாள். ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானமுள்ள டார்சி, முன்னொருகால் அவளை மணக்கக் கேட்டிருந்தார். கேட்கும்போதே அவள் குடும்பத்தின் தாழ்வையும் எடுத்துக் கூறியதால், அவள் சினந்து மறுத்துவிட்டாள். அவர் ஊரில் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே இங்கு வந்திருக்கிறாள்.

அறைகள் அழகாக உள்ளன. பகட்டு இல்லை. ஆயினும் அவள் உள்ளத்தைத் திருப்புவது தளவாடங்கள் அல்ல. ரெனால்ட்ஸ் என்னும் அம்முதிய பணிப்பெண், தம் தலைவரை நான்கு வயது முதல் அறிந்தவர். ஒருநாளும் அவர் தம்மிடம் கடுஞ்சொல் கூறியதில்லை என்றும், குடியானவர்க்கும் ஏழையர்க்கும் நல்லவர் என்றும் இயல்பாகச் சொல்லிச் செல்கிறார். சமமானவர் முன் செருக்கோடு நின்ற ஒருவர், தமக்குக் கீழ்ப்பட்டார் முன் எவ்வாறு நடக்கிறார் என்பதை அவள் அன்றுதான் கேட்கிறாள். ஒரு பெரிய வீட்டுக்குச் சான்றிதழ் வழங்கும் தகுதி அங்கே ஊழியம் செய்பவருக்கே உண்டு என்று இந்நாவல் சொல்லுகிறது. அலுவலகத்தில் கோப்பு தூக்கி நிற்பவரும், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்குபவரும் இதனைக் கேட்டால் மெய்தான் என்பர்.

இதற்கு மாறானதோர் மாளிகையும் கதையில் உண்டு. டார்சியின் பெரிய தாயாராகிய காதரின் சீமாட்டியின் ரோசிங்ஸ் அது. அங்கே ஒரு கணப்பு மாடத்துக்கு மட்டும் 800 பவுண்டு செலவானதாகக் காலின்ஸ் பறைசாற்றுகிறான். சன்னல்களுக்குக் கண்ணாடி போட்ட செலவையும் விடவில்லை. சீமாட்டியோ அயலார் வீட்டுக் கோழி வளர்ப்பு முதல், பயணப் பெட்டியில் உடையை மடித்து வைக்கும் முறை வரைக்கும் அறிவுரை வழங்குகிறார். எலிசபெத் அங்கும் சென்று அமர்கிறாள். அஞ்சவில்லை, அவமதிக்கவும் இல்லை. பின்னொரு நாள் அச்சீமாட்டி வண்டி ஏறி வந்து, என் மருமகனை மணக்காதே என்று ஆணையிடும்போது, பிறப்பால் தானும் தாழ்ந்தவள் அல்லள் என்று நின்ற இடத்தில் நின்றே விடையளிக்கிறாள்.

மூன்று மைல் சேற்றில் நடந்து, நோயுற்ற தமக்கையைக் காணச் சென்றவள் அவள். பாவாடை விளிம்பில் ஆறு அங்குலம் சேறு என்று சீமான் வீட்டுப் பெண்கள் எள்ளினர். அச்சேற்றோடு அவர்கள் கூடத்தில் நின்ற பெண்ணைத்தான் இவ்வளவு தொலைவிலிருக்கும் நாமும் விரும்புகிறோம். சீமான்களைக் கண்டு நமக்குக் காதல் வரவில்லை. சீமான்களின் முன் தலை தாழாமலும், தருக்காமலும் நிற்கக் கற்ற ஒருத்தியின் கண்ணால் அவர்களைக் கண்டதனாலேயே இக்காதல் வந்தது.

டார்சியும் மாறுகிறார். கடைத்தெருப் பக்கம் குடியிருக்கும் வணிகர் என்று இகழத்தக்கவராக எண்ணியிருந்த கார்டினரிடம் பணிவோடு பேசி, தம் ஆற்றில் மீன் பிடிக்க அழைக்கிறார். அதன்பின் நிகழ்வனவற்றை இங்கே சொல்லிவிட்டால், படிக்கப் போகும் அன்பர்களின் இன்பம் குறையும். ஆகவே நிறுத்துகிறோம்.

சாட்டன் குடிலில்

பெம்பர்லியைக் கட்டியவர் வாழ்ந்த வீட்டையும் காண வேண்டுமன்றோ? இலண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து தென்மேற்கே ஆல்டன் வரை இரயில். அங்கிருந்து சாட்டன் சிற்றூருக்கு நடந்தே செல்லலாம். செங்கல்லால் ஆன வீடு. தந்தை 1805ஆம் ஆண்டில் இறந்தபின், ஆஸ்டின் அம்மையாரும் தாயும் தமக்கையும் நிலையான வீடின்றிப் பல இடங்களில் தங்க நேர்ந்தது. செல்வக் குடும்பத்துக்குத் தத்துச் சென்றிருந்த தமையன் எட்வர்டு 1809ஆம் ஆண்டில் இவ்வீட்டை அவர்களுக்கு அளித்தார். பென்னட் பெண்களின் அச்சத்தை எழுதிய கை, அவ்வச்சத்தை அறிந்த கையே.

பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட சிறு மேசை ஒன்று அங்கு இன்றும் இருக்கிறது. ஒரு தாம்பாளம் வைக்கும் அளவே அகலம். அதன்மேல் எழுதினார். 1797ஆம் ஆண்டில் அவர் தந்தை முதல் வடிவத்தைப் பற்றி எழுதிக் கேட்டபோது, ஒரு வெளியீட்டாளர் பார்க்கவும் மறுத்தார். பதினாறு ஆண்டுகள் கழித்து வெளிவந்தபோது நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. உரிமைக்குக் கிடைத்த தொகை 110 பவுண்டு. டார்சியின் ஓராண்டு வருமானத்தில் நூற்றில் ஒரு பங்கிற்குச் சற்றே மேல்!

இங்கிலாந்து வங்கி 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட பத்துப் பவுண்டுத் தாளில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது. உருவத்தின் பின்னே ஒரு பெருமாளிகை தெரியும். அது தமையன் எட்வர்டின் காட்மர்ஷம் மாளிகை. அவர் அங்கு விருந்தினராகவே சென்று வந்தார். சாட்டன் வீடு 1949ஆம் ஆண்டு முதல் காட்சியகமாக உள்ளது. 2025ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் பிறந்து 250 ஆண்டுகள் நிறைந்தன.

கடலூரில் ஒரு திருமணம்

அவர் குடும்பக் கதையின் ஓர் ஏடு நம் தமிழ் மண்ணில் எழுதப்பட்டது என்பதைப் பலர் அறியார். அவர் தந்தையின் தமக்கை பிலடெல்பியா, பெற்றோரை இளமையில் இழந்து, இலண்டனில் தொப்பி தைக்கும் தொழில் பயின்றவர். சீதனம் இல்லை. மணமகன் தேடி அக்காலப் பெண்கள் சிலர் இந்தியாவுக்குக் கப்பலேறுவது வழக்கம். அவரும் 1752ஆம் ஆண்டில் சென்னையில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையின் மருத்துவராயிருந்த ஹான்காக் என்பவரைக் கடலூரில் மணந்தார். பிறகு வங்காளம் வந்தனர். மகள் எலிசா 1761ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பிறந்தாள். குழந்தைக்கு ஞானத்தந்தை, பின்னாளில் கவர்னர் ஜெனரலான வாரன் ஹேஸ்டிங்ஸ். ஹான்காக் 1775ஆம் ஆண்டில் கல்கத்தாவிலேயே இறந்தார். அதே ஆண்டில்தான் ஜேன் பிறந்தார்.

முகம் அறியாத ஒருவரை மணப்பதற்காகக் கடல் கடந்து அனுப்பப்பட்ட அத்தையின் வரலாற்றை அவர் அறிந்திருந்தார். இளமையில் எழுதி முடிக்காது விட்ட ஒரு கதையில், வங்காளத்துக்கு அவ்வாறு அனுப்பப்படும் ஏழைப் பெண்ணொருத்தியைப் படைத்தார். சார்லட் காலின்ஸை மணக்கும் அத்தியாயத்தைக் கடலூரை நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள், பொருள் கனக்கும். முதுமையில் ஹேஸ்டிங்ஸ் அந்நாவலைப் படித்துப் பாராட்டினார். அப்பாராட்டைக் கேட்டு அம்மையார் பெரிதும் மகிழ்ந்தார். அவருடைய தம்பி சார்லஸ், கப்பற்படைத் தலைவராக 1852ஆம் ஆண்டில் பர்மாவில் இறந்து, இலங்கையின் திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார்.

நம் நகரின் அலிப்பூரில், ஹேஸ்டிங்ஸின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பெல்வடியர் மாளிகை வளாகத்தில்தான் தேசிய நூலகம் அமைந்தது. ஆளுநர்கள் நடமாடிய இடத்தில், அனுமதிச் சீட்டு வாங்கிய எவரும் அமர்ந்து படிக்கலாம் என்னும் நிலை வந்தது. பெம்பர்லியின் கதவு எலிசபெத்துக்குத் திறந்ததைவிட இது பெரிய திறப்பு என்று நமக்குத் தோன்றுகிறது.

அன்பர்களுக்கு

பள்ளியிறுதி வகுப்பில் கற்ற ஆங்கிலமும், பக்கத்தில் ஓர் அகராதியும் இருந்தால் இந்நூலைப் படித்துவிடலாம். முதல் முப்பது பக்கம் பாசஞ்சர் வண்டியைப் போல் மெல்லச் செல்லும். நடன விருந்தும் வருமானக் கணக்கும் அலுப்பூட்டும். அதற்குமேல் கதையே இழுத்துச் செல்லும். பென்னட் அம்மையாரைப் போல ஓர் அத்தையும், காலின்ஸைப் போல ஓர் அலுவலக நண்பரும் இல்லாத குடும்பம் நம்முள் அரிது. சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

கல்லூரியில் பயிலும் நம் பெண்மக்கள் இதனைத் தேர்வுக்கு மட்டும் படித்து மூடிவிடாமல், மாலையில் வீட்டாரோடு அமர்ந்து தமிழில் கதையாகச் சொல்ல வேண்டும். முக்கியமாகத் தந்தையர் கேட்க வேண்டும். எலிசபெத் காலின்ஸை மறுத்தபோது, வீடு போனாலும் போகட்டும், அவனை நீ மணக்க வேண்டுவதில்லை என்ற கருத்தில் பென்னட் தம் மகளின் பக்கம் நின்றார். அவரிடம் குறைகள் பல. பெண்களுக்கென்று ஒரு காசும் சேர்த்து வைக்காத தந்தை அவர். அவ்வொரு நாளில் மட்டும் செய்ய வேண்டியதைச் செய்தார். வரன் தேடும் பருவத்துப் பெண்களை உடைய நம் வீடுகளில், அந்த ஓர் அத்தியாயத்தையாவது இத்திங்களில் உரக்கப் படிப்போமாக.